கருவைக் காடு வெட்டக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் தரிசு நிலத்தைத் திருத்த நினைக்கும் பட்டாதாரர்களுக்கும், கருவை மரத்தை மொத்தமாகப் பேசி வாங்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும், கண்மாய் மரங்களை ஏலம் எடுப்பவர்களுக்கும்.

பத்துப் பதினைந்து ஆண்டு உழவு காணாத நிலத்தைச் சீமைக்கருவை மூடிவிட்டால், உள்ளே தரை எப்படிக் கிடக்கிறது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கிணறு எந்த மூலையில் இருந்தது, தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைக் குழி எங்கே, பம்புசெட்டுக்கு வந்த மின்கம்பி எந்தப் பக்கமாகத் தாழ்ந்து போகிறது, எந்த வரப்பை ஒட்டிப் பெரிய புற்று என்பதெல்லாம் நிலத்துக்காரர் நினைவிலோ, பக்கத்துக் காட்டுக்காரர் நினைவிலோ இருக்கும். வெட்ட வருகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். விடிந்ததும் வேனில் வந்து இறங்கி, அரிவாளைத் தீட்டிக்கொண்டு, அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் அந்த முள்ளுக்குள் நுழைகிறார். நிலத்தை அறிந்தவர் ஒருவர், அதன் ஆபத்தை உடம்பில் ஏற்பவர் இன்னொருவர் என்பதுதான் இந்த வேலையின் அடிப்படைக் கோளாறு. இந்த மடல் வெட்டுகிறவர்களுக்கு அல்லாமல் உங்களுக்கு எழுதப்படுவதற்கும் அதுவே காரணம்.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி ஊர் ஊராகக் கருவை அகற்றும் வேலை வேகம் எடுத்தது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நிலத்தடி நீர், மேய்ச்சல், பாசனம் என்று எல்லாக் கோணத்திலும் அந்த மரம் விவாதிக்கப்பட்டுவிட்டது. எத்தனை ஏக்கர் சுத்தமானது என்ற கணக்கும் கேட்கப்பட்டது. வெட்டியவரின் கையும் கண்ணும் காலும் என்ன ஆயின என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

முதல் ஆபத்து கிணறு. தென் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் பழைய கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. இருந்ததும் இடிந்து உள்ளே விழுந்திருக்கும். கிணற்று ஓரத்து ஈரத்தில் கருவை மற்ற இடத்தைவிடச் செழித்து வளரும். கிளைகள் வாய்ப்பக்கம் சாய்ந்து, ஒன்றோடொன்று பின்னி, மேலே கொடியும் படர்ந்துவிட்டால் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் அது இன்னொரு புதர்போலத்தான் தெரியும். கிளையை வெட்டி இழுக்கும்போது கால் பின்னால் போவது இயல்பு. பின்னால் தரை இல்லாவிட்டால் அவ்வளவுதான். ஜேசிபிக்கும் இதே கதி நேரலாம். ஓரத்துக் கல்கட்டு வேர்களால் ஏற்கெனவே பிளந்து நிற்கும்போது, இயந்திரத்தின் எடை அதன்மேல் ஏறினால் கரை மொத்தமாகச் சரியும். ஆழ்துளைக் குழி இதைவிட மோசம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படி ஒரு குழிக்குள் போனதையும், நாடே விழித்திருந்த அந்த நாட்களையும் யாரும் மறந்திருக்க முடியாது. வெட்டு வேலைக்குப் பெற்றோரோடு வரும் பிள்ளைகள் புதருக்கு நடுவேதான் விளையாடுகிறார்கள். ஆகவே அரிவாள் உள்ளே போவதற்கு முந்தைய நாள் நீங்கள் போக வேண்டும். கிணறு, குழி, இடிந்த தொட்டி ஒவ்வொன்றையும் சுற்றி, பத்தடி தள்ளிக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். யாராவது பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டால் அடுத்தவர் உடனே இறங்கக் கூடாது. பல காலம் திறவாமல் கிடந்த கிணற்றடியில் மூச்சுக்கான காற்று இல்லாமல் போயிருக்கும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறப்பது அதனால்தான். தீயணைப்பு நிலையத்தின் 101ஐ அழைப்பதுதான் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது.

அடுத்தது கம்பி. காற்றுக்கு ஆடித் தொய்ந்த கம்பியின் உயரத்துக்கே கருவை வளர்ந்து, கிளை அதைத் தொட்டுக்கொண்டு நிற்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பச்சைக் கிளையில் மின்சாரம் ஓடும். வெட்டிய கிளை கம்பியில் சாய்ந்தாலும், ஜேசிபியின் கை கம்பியை உரசினாலும், ஆள் தொட்டாக வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துத் தரையிலேயே மின்சாரம் பாயும். கம்பிக்குக் கீழே உள்ள மரங்களை, மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்து, அவர்கள் ஆள் நேரில் வந்து உறுதி சொன்ன பிறகுதான் தொட வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இந்த ஒரு அழைப்பைச் செய்ய வேண்டியவர் நீங்கள். கூலிக்கு வந்தவர் எந்த இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் கொடுப்பார்? இயந்திரம் கம்பியைத் தொட்டுவிட்டால் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமல் இருப்பதே பாதுகாப்பு. தீப்பிடித்து, இறங்கியே ஆக வேண்டுமென்றால், இயந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சேர்த்த காலோடு சிறு சிறு குதிப்பாக விலக வேண்டும்.

பாம்பைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஆனால் கருவைக் காட்டில் அதிகம் அஞ்ச வேண்டியது, பேச்சில் அதிகம் வராத சுருட்டை விரியனுக்குத்தான். ஒன்றரை அடிதான் இருக்கும். காய்ந்த சருகின் நிறம். மிரண்டால் எல்லாப் பாம்பும்போல ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே சுருண்டு, செதிலோடு செதிலை உரசி, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சத்தம் எழுப்பும். மரம் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது. கடி பெரும்பாலும் இரண்டு தருணத்தில் நேர்கிறது: தாழ்ந்த கிளையைப் பிடிக்கக் குனியும்போது, முந்தைய நாள் வெட்டிப் போட்ட முள்ளை மறுநாள் காலை கையால் அள்ளும்போது. ஓர் இரவு கிடந்த முள் குவியல் பாம்புக்கு வீடு. அதைக் கம்பால் புரட்டிப் பார்க்காமல் தொடக் கூடாது. முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் போட்டிருந்தால் காலில் நேரும் கடிகளில் பல தோலைத் தொடாமலே போகும். வெட்டும் திசையும் முக்கியம். நான்கு பக்கமும் வளைத்து நடுவுக்கு நெருங்கினால், உள்ளே உள்ள பாம்பும் காட்டுப்பன்றியும் கடைசித் திட்டில் அடைபட்டு, கடைசியில் வெட்டுபவர் மீதே பாயும். ஒரு ஓரத்தில் தொடங்கி, எதிர்ப்பக்கம் வெளியேற வழி விட்டு, கம்பால் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டே போவதுதான் முறை. கதண்டுக் கூடு கண்ணில் பட்டால் அந்த மரத்தை விட்டுவிட்டு நகர வேண்டும். கல் எறிந்து கலைப்பது வேண்டவே வேண்டாம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றும் கேடு செய்கின்றன. கட்டு இறுகினால் காலே அழுகும். விரியன் கடியில் இரத்தம் உறையும் தன்மை கெட்டிருப்பதால் கீறிய இடம் நிற்காமல் ஒழுகும். மோதிரம், கொலுசு, காப்பைக் கழற்றி, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவதுபோலக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிப் போய் வண்டியில் ஏற்ற வேண்டும். நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை. உங்களிடம் கேட்பது இவ்வளவே: வேலை நடக்கும் நாள் முழுவதும் ஒரு வண்டி அங்கேயே நிற்கட்டும், நஞ்சுமுறி இருக்கும் மருத்துவமனை எது என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். 108 ஆம்புலன்ஸ் வரும் என்பது உண்மை. காட்டுக்குள் வழி தெரியாமல் அது சாலையில் நிற்பதும் உண்மை.

முள்ளைப் பொருட்படுத்தாத பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. கருவை முள் டயர் செருப்பையே துளைத்து ஏறும். முள்ளை எடுத்தாயிற்று என்று நினைத்திருக்க, நுனி ஒடிந்து மூட்டுக்குள் தங்கிவிடும். வாரங்கள் கழித்து விரல் மடங்காமல் வீங்கும். ஊசியால் தோண்டிப் பார்ப்பதும் சுண்ணாம்பு வைப்பதும் அதற்கு மருந்தாகாது. கண்ணில் பட்டால் இன்னும் கொடுமை. தென் தமிழகத்தில் கருவிழிப் புண்ணுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பூஞ்சை. இலை, குச்சி, முள் கீறிய கண்ணில் அந்தப் பூஞ்சை உள்ளே போகிறது. முதல் இரண்டு நாள் வெறும் உறுத்தல்தான். கண்ணில் தாய்ப்பால் விடுவதும், கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் போடுவதும் அதன்பிறகுதான் நடக்கின்றன. ஸ்டீராய்டு உறுத்தலைத் தணித்து, பூஞ்சையை வளர்க்கும். கருவிழி வெளுத்த பின்பு கண் மருத்துவரிடம் போனால் பார்வை திரும்புவது அரிது. ஒரு சாதாரணக் கண்ணாடி தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது.

பழகிய வெட்டு ஆள் வேலை செய்வதைப் பார்த்தால் பாதுகாப்பு என்பது புதிதாக இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கல்ல என்று தெரியும். இடது கையில் நீளமான கவைக்கம்பு, வலது கையில் அரிவாள். கவையால் கிளையை எட்டத் தள்ளிப் பிடித்து, அடியில் இரண்டு வெட்டு. அதே கவையால் தூக்கி ஓரத்தில் போட்டு, மேலே ஒரு மிதி. முள் அவர் மேல் படுவதே இல்லை. எத்தனை வெட்டுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி அக்கம்பக்கம் பார்க்கிறார் என்பதையும் கவனிக்கலாம். இந்த நிதானம் நேரம் எடுக்கும். டன் கணக்கில் கூலி பேசிவிட்டு, லாரி நிற்கிறது என்று விரட்டும்போது முதலில் கைவிடப்படுவது அந்தக் கவைக்கம்புதான்.

மரம் அறுக்கும் மெஷின் வந்த பிறகு ஆபத்தின் வேகம் மாறிவிட்டது. அரிவாள் தவறினால் காயம். மெஷின் தவறினால் நொடியில் எலும்பு. அதன் பட்டையின் மேல் நுனி எதிலாவது பட்டால் மெஷின் முழுவதும் முகத்தை நோக்கித் துள்ளி எழும். கருவை பெரும்பாலும் ஒற்றை மரமாக வளராது. ஒரே தூரிலிருந்து ஐந்தாறு கிளைகள் பின்னிக்கொண்டு எழும், ஒன்றை அறுக்கும்போது நுனி இன்னொன்றில் இடிக்கும். எனவே இரண்டு கையாலும் பிடித்து, தோளுக்கு மேலே தூக்காமல், முன்னே உள்ள சங்கிலி பிரேக் வேலை செய்கிறதா என்று பார்த்து, அடியை முள் நீக்கித் துலக்கிய பிறகே அறுக்க வேண்டும். வளைந்து தரையில் ஊன்றிய கிளை நாணேற்றிய வில்லைப் போன்றது. இறுகி நிற்கும் வெளிவளைவில் முதலில் அறுத்தால் விசிறி அடிக்கும். நெருக்கப்பட்டிருக்கும் உள்வளைவில் சிறிதளவு அறுத்துவிட்டு, பிறகு வெளிப்பக்கம் வர வேண்டும். பெரிய மரத்தைச் சாய்க்கும்போது, சாயும் பக்கம் முதலில் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, பின்பக்கம் அறுத்து, நடுவே ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விட வேண்டும். மரம் விழும் திசையைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டைதான். அறுப்பவரைத் தவிர மற்ற எல்லாரும் மரத்தின் உயரத்தைப்போல இரு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். லுங்கியும் தோளில் தொங்கும் துண்டும் சங்கிலியில் சிக்கும். தலைக்கவசம், முகவலை, காது மூடி, கையுறை, பூட்ஸ், காலை மூடும் தடித்த பேன்ட் ஆகியவை மெஷினோடு சேர்ந்து வர வேண்டிய பொருட்கள். மெஷினுக்குச் செலவழிக்க மனம் வரும் இடத்தில் இவற்றுக்கு வராமல் போவதை எப்படி நியாயப்படுத்துவது?

ஜேசிபி தூர் பிடுங்கும்போது, அதன் பின்னாலேயே வேர்க்கட்டை பொறுக்கப் பெண்கள் கூடுவார்கள். வேர்க்கட்டை நல்ல விறகு, நல்ல கரி. அவர்கள் வருவதில் தவறில்லை. ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது என்பதுதான் சிக்கல். இயந்திரம் ஒரு பாத்தியை முடித்து அடுத்ததற்கு நகர்ந்த பிறகே பொறுக்கலாம் என்று ஒழுங்கு செய்து, கைகாட்ட ஒரு ஆளை நிறுத்தினால் போதும்.

பங்குனி முதல் ஆனி வரை வெட்டு வேலை மும்முரம். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. கருவைக்குள் காற்றோட்டம் கிடையாது. முள்ளுக்குப் பயந்து தடித்த சட்டை வேறு. ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்தி, மாலை நான்குக்கு மேல் மீண்டும் தொடங்குவதால் வேலை கெட்டுவிடாது. தண்ணீர் கேன் வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த கரைசல் களைப்புக்கு உதவும். ஒருவர் உளறத் தொடங்கினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது களைப்பில்லை. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மயங்கியவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

வெட்டியதைக் கொளுத்துவது எளிதாகத் தெரிகிறது. காற்று திரும்பினால் பக்கத்துப் பனங்காடும் வைக்கோற்படப்பும் போகும். வேர்க்குழிக்குள் இறங்கிய கங்கு நாள்கணக்கில் அணையாமல், மேலே சாம்பல் மூடிக் கிடக்கும். மிதித்தவரின் கால் உள்ளே போகும். கரிமூட்டம் போடும் இடத்தில் ஆபத்து இரவிலும் தொடர்கிறது. மண் பூச்சு வெடித்துத் துளை விழுந்தால் அடைப்பதற்காக மூட்டத்தின் மேலேயே ஏறுகிறார்கள். உள்ளே மரம் எரிந்து வெறும் கூடாகியிருக்கும் நேரம் அது; குறுக்கே பலகையோ ஏணியோ போடாமல் ஏறுபவர் தணலுக்குள் இறங்கிவிடுவார். புகையில் கலந்த கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூட்டத்தின் காற்றுவாக்கில் குடிசை போட்டு, பிள்ளைகளோடு தரையில் படுக்கும் குடும்பங்களுக்குக் கட்டுவிரியனும் எதிரி. அது இரவில் கடிக்கும். வலி அவ்வளவாக இராது. விடியும்போது வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை என்று தொடங்கி மூச்சு நிற்கும். கட்டிலும் கொசுவலையும் அங்கே உயிர் காக்கும் சாதனங்கள்.

இவ்வளவும் தெரிந்த விஷயங்கள்தானே, வெட்டுகிறவர்களே கவனமாக இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். முன்பணம் வாங்கியவரால் "அந்தக் கிணற்றோரம் நான் போக மாட்டேன்" என்று சொல்ல முடியாது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் சின்னச் சின்னக் கடன்கள்தான். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். கடன் இல்லாதவருக்கும் டன் கணக்கு ஒரு சாட்டை. நிதானமாக வெட்டினால் அன்றைய சோறு குறையும். மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் கவனத்தை மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையாகாது. சட்டமும் உங்கள் பக்கம்தான் விரல் நீட்டுகிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் மரம் வெட்டுதல் பெயர் சொல்லியே இடம்பெற்றது. அந்தப் பொறுப்பு இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. இடையில் ஒப்பந்தக்காரர் ஒருவரை நிறுத்திவிட்டதால், தன் தொழிலுக்காக வேலை கொடுத்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

எனவே அடுத்த பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, விலையைச் சொல்வதற்கு முன்னால் நிலத்துக்காரரும் ஒப்பந்தக்காரரும் கங்காணியும் சேர்ந்து நிலத்தை ஒருமுறை சுற்றி நடங்கள். கிணறும் குழியும் கம்பியும் குறித்த ஒரு கையெழுத்து வரைபடத்தை வெட்ட வருபவர்களின் கையில் கொடுத்து, வாய்விட்டும் படித்துக் காட்டுங்கள். பூட்ஸ், கண்ணாடி, கையுறை, முதலுதவிப் பெட்டி, தண்ணீர், நிற்கும் வண்டி ஆகியவற்றின் செலவை டன் விலைக்குள்ளேயே சேர்த்து எழுதுங்கள், கூலியில் பிடிக்காதீர்கள். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரை உள்ள ஒவ்வொருவருக்கும், ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் வரை தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டைப் போட்டுக் கொடுங்கள். கடினமான பகுதிகளுக்கு டன் கணக்கை விட்டு நாள் கூலி கொடுங்கள். முதல் கிளையில் அரிவாள் விழும் அந்தக் காலையில் நிலத்துக்காரர் யாராவது ஒருவர் அங்கே நின்று, எந்த இடத்தில் தரை இல்லை என்று கைநீட்டிக் காட்டட்டும்.